இருபது அடியில் சுவையான குடிநீர்

"அதான் பத்து பர்சன்ட் விட்டாச்சே மேடம், இன்னும் இன்னாதான் பண்ணணும்ன்றீங்க?"

மனைப்பிரிவு போடுகிற ஒருவர் என்னிடம் கேட்டது இது. சண்டைக்கு வரவில்லை, புரியாமல்தான் கேட்டார். கையில் வரைபடம் வைத்திருந்தார். அதன் தென்மேற்கு மூலையில் பச்சைக் கலர் அடித்த ஒரு முக்கோணம், அதற்குள் 'பூங்கா' என்று எழுத்து. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019 பொது இடமாக விடச் சொல்லும் பத்து சதவீதத்தைச் சதுர மீட்டர் குறையாமல் கொடுத்திருந்தார். நான் சொல்ல நினைத்தது அந்த விதிக்குள் எங்கேயும் உட்காரவில்லை. அதனால் அன்று வழவழ கொழகொழ என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். கேள்வி மட்டும் கூடவே வந்துவிட்டது.

வேலூரில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே படியில் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். வீட்டுக்காரர்கள், ஹாஸ்டல் வார்டன்கள், கேன் தண்ணீர் போடுகிறவர்கள், பள்ளிக்கூடத்துக் கிளார்க்குகள் என்று எல்லாரும் வருவார்கள். மனை போடுகிறவர்கள் தனி ரகம். மற்றவர்கள் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு வருவார்கள், இவர்கள் கோளாறு இல்லை என்று எழுதி வாங்க வருவார்கள். ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை ஹைவேயில் போய் வருகிறவர்களுக்கு அந்தப் பேனர் வாசகங்கள் மனப்பாடமாகியிருக்கும்: டிடிசிபி, ரெரா அப்ரூவ்டு, 30 அடி ரோடு, விஐடி பத்து நிமிஷம், சிஎம்சி கால் மணி நேரம், அப்புறம் தவறாமல் 'இருபது அடியில் சுவையான குடிநீர்'. அந்தக் கடைசி வரிக்கு ஆதாரம் எங்களைப் போன்ற கூடங்களிலிருந்துதான் போகிறது.

இந்த முறை பாட்டில் எங்கள் வீட்டு நிலத்திலிருந்தே வந்தது. காட்பாடியிலிருந்து திருவலம் போகும் வழியில் பெரியப்பா வீட்டுக்கு ஐந்து ஏக்கர். நெல், மல்லாட்டை, வரப்போரம் தென்னை. அதைப் பார்த்துக்கொள்வது பெரியப்பா மகன், என் அண்ணன். அவர் பிள்ளைகள் ஒன்று பெங்களூரில், ஒன்று சென்னையில். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. அறுபது வயதில் அவர் தனியாக எத்தனை நாள் மோட்டார் போட்டுக்கொண்டு நிற்பார்? ரோட்டை ஒட்டிக் கீழே கடை மேலே வீடு என்று ஒரு வரிசை, பின்னால் 30க்கு 40 மனைகள் நூற்றுச் சொச்சம் என்று, முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டவரோடு கூட்டு பேசி முடித்துவிட்டார். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நிலத்தை விற்கிறவனைப் பார்த்து ஊரே கண்ணீர் விடும், அவன் விளைவித்த மல்லாட்டையை மட்டும் அடிமாட்டு விலைக்குக் கேட்கும்.

அண்ணன் சொன்னதால் சாம்பிளை நானே போய் எடுத்தேன். தாத்தா வெட்டிய கல்கட்டுக் கிணறு. நிலத்தின் மேட்டுப் பக்கத்தில், வடகிழக்கு மூலையை ஒட்டி இருக்கிறது. கிணற்றை மேட்டில் வெட்டினால்தான் வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைசிக் கழனி வரை தானாகப் பாயும். பாலாறு அங்கிருந்து தெற்கே, நிலம் அந்தப் பக்கமாகத்தான் சரிகிறது. ரிசல்ட் எனக்கே ஆச்சரியம். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு, ஐந்நூறுக்குள், நைட்ரேட் 11, கிருமி இல்லை. எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது தினமும் நடக்கிற காரியம் இல்லை. போட்டேன். அடுத்த வாரமே அது நோட்டீஸில் அச்சாகி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணன் போட்டு, அத்தைகள் எல்லாம் கை கூப்பிவிட்டார்கள்.

அந்த நோட்டீஸைப் பார்த்ததிலிருந்துதான் குடைச்சல் ஆரம்பித்தது. ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அதைக் காட்டி விற்கப்போகும் நூற்றுச் சொச்சம் வீடுகளும் கட்டி முடிந்தால் அந்த ரிப்போர்ட்டே பொய்யாகிவிடும். மனைக்கு ஒரு போர், மனைக்கு ஒரு கக்கூஸ் குழி. வாங்குகிறவர் எந்தத் தண்ணீரை நம்பி வாங்குகிறாரோ, அதை அவரும் பக்கத்து மனைக்காரரும் சேர்ந்தே கெடுக்கப் போகிறார்கள். யாரும் தப்பு செய்யாமலே நடந்துவிடும்.

கருப்பாகும் குப்பியும் கருக்காத தண்ணீரும்

கிருமிச் சோதனைக்கு எங்களிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி உண்டு. உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, அலமாரியில் வைத்துவிட வேண்டும். மலக்கிருமி இருந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். கொசப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வருவார், வந்ததும் முதல் கேள்வி, "இன்னா கண்ணு, கருத்துடுச்சா?" கருத்திருந்தால் குளோரின் போடுவார், காய்ச்சிக் குடிப்பார். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

நைட்ரேட் அப்படி முடிகிற விஷயம் இல்லை. அதற்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500படி லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. உப்புக்கும் கடினத்தன்மைக்கும் 'வேறு தண்ணீர் இல்லாவிட்டால் இவ்வளவு வரை' என்று ஒரு சலுகை எல்லை கொடுத்திருக்கிறார்கள், நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அதிகமானால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். யூரியா போட்ட வயலிலிருந்தும் அது வரும், மாட்டுக் கொட்டகையிலிருந்தும் வரும். ஆனால் வயலும் மாடும் இல்லாத தெருக்களிலிருந்து வருகிற பாட்டில்களில் 80, 100 என்று எண் ஏறும்போது அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அதிகம் மூளை தேவையில்லை. வாடிக்கையாளரிடம் அதை நாசூக்காகச் சொல்வதுதான் கஷ்டம்.

சொன்னாலும் பத்தில் ஒன்பது பேர் திருப்பிச் சொல்வது ஒன்றேதான்: "எல்லாம் தோல் கம்பெனிங்க பண்ற வேலைம்மா." இந்தப் பதில் எங்கள் ஊருக்குப் பழகிப்போனது. பழகியதற்குக் காரணமும் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிட்ட தண்ணீர் என்ன செய்தது என்பது நாடறிந்த கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் ஊன்றியது. சட்டக் கல்லூரியில் சேர்கிற பிள்ளை காஷ்மீரில் இருந்தாலும் வேலூர் பெயரை அந்த வழக்கு வழியாகப் படித்தாக வேண்டும். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ கெட்டுப்போனதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே விவகாரத்துக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் 1995ல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கதை தனி.

அந்தப் பழி நியாயமானது, அதில் ஒரு ரூபாய் தள்ளுபடிகூடத் தர மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. குற்றவாளி யார் என்று முப்பது வருஷமாகத் தெரிந்திருப்பதால் வேறு யாரையும் தேடுவதில்லை. குரோமியம் தோல் ஷாப்பிலிருந்து வந்தது, சரி. நைட்ரேட் நம் வீட்டுக் குழியிலிருந்து வந்தது. அதற்கு வழக்கு போட வேண்டுமென்றால் நாம் நம் மேலேயேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கீழே கடை, மேலே வீடு

கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் வருவது கெடுதல் என்று நான் சொல்வதாக அண்ணன் முதலில் நினைத்தார். இல்லவே இல்லை. வேலூரில் பேட்டை என்று முடிகிற எந்தத் தெருவுக்குப் போனாலும் திண்ணையில் வியாபாரம், உள்ளே குடும்பம், பின்கட்டில் தறியோ பட்டறையோ இருந்தது. குடியிருப்பு இங்கே, வியாபாரம் அங்கே என்று கோடு கிழித்துப் பிரித்துப் போட்ட ஊர்களில் ஒரு பாக்கெட் பாலுக்கு ஸ்கூட்டரை எடுக்க வேண்டியிருக்கிறது. கலந்திருப்பதுதான் ஊர்.

என் கணக்கு வேறு இடத்தில் இடிக்கிறது. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் தோட்டப்பாளையம், பாபு ராவ் தெரு வட்டாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக ஆட்கள் வருகிறார்கள். வீடாக இருந்ததெல்லாம் லாட்ஜாகி, கீழே மெடிக்கல் ஷாப்பும் பெங்காலி மெஸ்ஸும் வந்தாயிற்று. காட்பாடிப் பக்கம் விஐடி பல்கலைக்கழகத்தை நம்பிப் பேயிங் கெஸ்ட் விடுதிகள். தப்பே இல்லை, ஊர் பிழைப்பதே அதில்தான். ஆனால் ஐந்து பேர் இருந்த வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் என்று அரசு அளவையே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 675 லிட்டர்தான் செலவு. அதே வீடு இரண்டு மாடி ஏறி நாற்பது பேர் தங்கும் விடுதியானால் 5,400 லிட்டர். வாசல் மாறும், போர்டு மாறும், மாடி ஏறும். பாதாளச் சாக்கடை வந்து சேராத தெருக்களில் பின்பக்கத்துக் குழி மட்டும் தாத்தா காலத்ததாகவே இருக்கும். பல வீடுகளில் அதைச் செப்டிக் டேங்க் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். நான்கு சிமென்ட் உறையை இறக்கி, அடியில் தளம் போடாமல், மேலே மூடி வைத்த குழி. பத்து வருஷமாக லாரியே கூப்பிடவில்லை என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறையவில்லை என்றால் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

இங்கே மண்ணும் நமக்குச் சாதகமாக இல்லை. ஆற்றை ஒட்டி மணல் இருக்கும் இடத்தை விட்டால் மேலே கொஞ்சம் சுக்கான் மண், கீழே கருங்கல். தண்ணீர் அந்தக் கல்லின் விரிசல்களில்தான் ஓடும். குழியிலிருந்து இறங்குகிற தண்ணீர் நல்ல மண்ணில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிருமியாவது வழியில் சாகும். விரிசல் கிடைத்துவிட்டால் நேராக அடுத்த போருக்குள்தான். எண்ணூறு அடி போட்டிருக்கிறோம், ஆழத்துத் தண்ணீருக்கு என்ன பயம் என்று கேட்பார்கள். கேசிங் பைப் பாறை தட்டும் வரைதான் இறங்கியிருக்கும். பைப்புக்கு வெளியே இருக்கிற இடைவெளியை யாரும் சிமென்ட் வைத்து அடைப்பதில்லை. மேல்தண்ணீர் அந்தப் பைப்பை ஒட்டியே இறங்கிவிடும்.

காம்பஸ் எடுத்துப் பார்த்த ராத்திரி

வரைபடத்தின் ஜெராக்ஸ் ஒன்றை அண்ணன் கொடுத்திருந்தார். சாப்பிட்டு முடித்த மேஜையைத் துடைத்து அதை விரித்தேன். அளவு 500க்கு ஒன்று. செப்டிக் டேங்குக்கான ஐஎஸ் 2470ல் ஒரு வரி இருக்கிறது: குழியின் தண்ணீர் மண்ணில் இறங்கும் இடம், குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து 3.6 சென்டிமீட்டர் விரித்துக்கொண்டேன். 30க்கு 40 மனை அந்தத் தாளில் 1.8க்கு 2.4. அதாவது ஒரு போரைச் சுற்றி நான் போடும் வட்டத்தின் ஆரமே மனையின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு. மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக அளந்தாலும் 50 அடிதான் வரும், 18 மீட்டர் என்பது 59 அடி. போரையும் குழியையும் ஒரே மனைக்குள் எங்கே வைத்தாலும் அந்த வரியை மீறாமல் வைக்கவே முடியாது. எத்தனையோ வருஷமாக அந்த 18 மீட்டரை ரிப்போர்ட்டின் அடிக்குறிப்பில் டைப் அடித்துக் கொடுக்கிறேன். அதைத் தாளில் வட்டமாகப் பார்த்தது அன்றுதான்.

அதைவிட வேடிக்கை அடுத்தது. நம் ஊரில் போர் எங்கே போடுவார்கள்? ஈசானிய மூலையில், வடகிழக்கில். செப்டிக் டேங்க்? வாயு மூலையில், வடமேற்கில். தனி வீடாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். வரிசையாக வீடுகள் வந்தால் என் ஈசானியத்தை ஒட்டி இருப்பது கிழக்கு வீட்டுக்காரரின் வாயு மூலை. நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர். நூறு பேரும் ஒரு தப்பும் செய்யாமல் சாஸ்திரப்படி கட்டினால், ஒவ்வொருவர் போரும் பக்கத்து வீட்டுக் குழியிலிருந்து ஆறேழு அடியில் வந்து நிற்கும். பென்சிலால் ஒரு வரிசை முழுக்கப் புள்ளி வைத்துப் பார்த்தேன். போர், குழி, போர், குழி என்று ஜோடி ஜோடியாக வந்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "கோலமாம்மா?" என்றாள்.

பிறகு சும்மாதான் அந்தக் காம்பஸ் முள்ளைத் தாத்தாவின் கிணற்றில் ஊன்றி ஒரு வட்டம் போட்டேன். போட்டதும் பத்து சதவீதம் ஞாபகம் வந்தது. விதி என்னவென்றால், 3,000 சதுர மீட்டருக்குள் மனை போட்டால் பொது இடம் எதுவும் விட வேண்டாம். நம் கணக்கில் 74 சென்ட். அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, ரோடு போக மீதியில் பத்து சதவீதம் விட வேண்டும், அல்லது அதற்கு வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டிவிடலாம். 10,000க்கு மேல் போனால் பணம் கட்டித் தப்ப முடியாது, இடத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கள் ஐந்து ஏக்கர் என்பது இருபதாயிரம் சதுர மீட்டர் சொச்சம். கால்வாசி ரோட்டுக்குப் போனால் மிச்சத்தில் பத்து சதவீதம் 1,500 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 37 சென்ட். அதைச் சதுரமாக வைத்தால் பக்கம் 39 மீட்டர் வருகிறது. கிணற்றை நடுவில் வைத்துக்கொண்டால் நாலு பக்கமும் 19 மீட்டருக்கு மேல்.

இரண்டாவது தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அதேதான் வந்தது. சட்டம் ஏற்கெனவே கேட்கிற அளவு, ஒரு சென்ட்கூட அதிகம் இல்லாமல், ஒரு கிணற்றைக் காப்பாற்றப் போதுமான அளவு. அவர் கேட்டதற்குப் பதில் அதிலேயே இருந்தது. பத்து சதவீதத்துக்கு மேல் ஒன்றும் பண்ண வேண்டாம் சார், அந்த முக்கோணத்தை எடுத்துக் கிணற்றைச் சுற்றி வைத்தால் போதும். தென்மேற்கு மூலையில், நூறு குழிகளுக்கும் தாழ்வான பக்கத்தில் இருக்கும் பூங்காவால் எந்தக் கிணற்றுக்கும் நன்மை இல்லை. மனை போடும்போது பார்க்குக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பரப்பு சரியா என்று அளக்கிறார்கள். நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று மட்டும் கேட்பதில்லை. பார்க் என்றாலே ஊஞ்சல், சறுக்குமரம், நடைபாதை என்று நம் மனசு போய்விடுகிறது. கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகளை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சீர் செய்தபோதும் ஜனங்கள் முதலில் பேசியது நடைபாதையைப் பற்றித்தான். நானும் அங்கே நடக்கிறவள்தான், குறை சொல்லவில்லை. திறந்தவெளி காற்றுக்கும் கண்ணுக்கும் என்று நினைத்தே பழகிவிட்டோம். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே சும்மா கிடக்கிற தூரம்கூட ஒரு வேலைதான் செய்கிறது.

சும்மா கிடக்கிற இடத்தை விட்டு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று 2021 நவம்பரில் ஊரே பார்த்தது. பாலாறு இரு கரையும் தொட்டுப் போன அந்த மழையில் கோட்டை அகழி நிரம்பி, உபரித் தண்ணீர் ஆற்றுக்குப் போகும் கால்வாய் அடைபட்டுக் கிடந்ததால் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. 'சாமி இல்லாத கோயில்' என்று எங்கள் ஊரைக் கிண்டல் பண்ணிய காலம் 1981ல் சாமி திரும்பி வந்ததோடு முடிந்தது. 'தண்ணியில்லாத ஆறு' என்ற கிண்டலுக்கு அந்த மழையில் கொஞ்ச நாள் லீவு கிடைத்தது.

பேச்சுவார்த்தை

வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனபோது மனை போடும் முதலாளியும் இருந்தார், அவரிடம் வேலை பார்க்கும் இன்ஜினியர் தம்பியும் இருந்தார். வட்டங்களைக் காட்டினேன். இன்ஜினியருக்கு உடனே புரிந்துவிட்டது, ஆனால் முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். முதலாளி சொன்னது நியாயமாகவே இருந்தது. கிணறு இருக்கிற இடம் 30 அடி ரோட்டு முனை. அங்கே பார்க் வைத்தால் கார்னர் மனைகள் போய்விடும், சதுர அடிக்கு அதிகம் போகிறதே அவைதான். தென்மேற்கு முக்கோணத்தில் மனை வெட்டினாலும் கோணல்மாணலாக வரும், யாரும் வாங்க மாட்டார்கள். அதோடு, கிணற்றைத் தூர்க்கப் பேசி வைத்தாயிற்று. "கெணத்த வெச்சிக்கினு கொழந்த குட்டி உழுந்தா யார் மேடம் பதில் சொல்றது? அவனவன் போர் போட்டுக்கினு போயினே இருப்பான். சொந்த போர் இல்லன்னா வாங்க வரவன் செருப்ப மாட்டிக்கினு கெளம்பிடுவான்."

அண்ணன் அதுவரை பேசவில்லை. கிணற்றைத் தூர்ப்பது என்ற வார்த்தை அவருக்கு எங்கோ பட்டிருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்: "எங்க தாத்தா மொத்த நெலத்துக்கும் ஈசானியம் பாத்துதான் அத வெட்னாரு சார்."

முதலாளி வரைபடத்தை வாங்கி வடக்கு அம்புக்குறியைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். மறுபடியும் அம்புக்குறியைப் பார்த்தார். நைட்ரேட், ஐஎஸ் 2470, விரிசல் பாறை என்று நான் கொட்டிய விவரமெல்லாம் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்துவிட்டது. "மொத்த லேஅவுட்டுக்குமே ஈசானியத்துல கெணறு" என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அது பேனரில் எப்படி நிற்கும் என்று பார்க்கிறார் என்பது தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன்.

கிணறு நிற்கும். அதைச் சுற்றிப் பூங்கா. மேலே கம்பி வலை, சுற்றிலும் ஆளுயரச் சுவர். மேல்நிலைத் தொட்டி கட்டி வீட்டுக்கு வீடு பைப். சொந்தப் போர் போடக்கூடாது என்று விற்பனைப் பத்திரத்தில் எழுத மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'பொது நீர் வசதி உண்டு' என்பதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு கார்னர் மனை போனதை ஈடுகட்டக் கடை வரிசையில் இன்னொரு மாடி ஏற்றப் போகிறார்.

இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 110 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் நாளைக்கு 74,000 லிட்டருக்கு மேல் வேண்டும். சித்திரை வெயிலில் அந்தக் கிணறு அவ்வளவு தராது. மேட்டூர்ப் பக்கமிருந்து வருகிற காவிரிக் கூட்டுக்குடிநீரில் பங்கு கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தத் தண்ணீரில் எண்பது சதவீதம் கழிவாக வெளியே வரும், அறுபதாயிரம் லிட்டர் போல. நான் காப்பாற்றியது மேட்டில் இருக்கிற ஒரு கிணற்றை மட்டும்தான், கீழே பாலாறு வரை இருக்கிற மற்றவர்களின் கிணறுகளை இல்லை. அவர்களுக்கு இந்த நூற்றுச் சொச்சம் குழிகளும் மேட்டுப்பக்கத்துக் குழிகள். பழைய ஊர் அமைப்பில் எல்லாம் சரியாக இருந்தது, நல்ல தண்ணீர்க் கிணறு மேலே, கொல்லை கீழே என்று சிலர் பெருமூச்சு விடும்போது எனக்கு இது ஞாபகம் வரும். அந்த நல்ல தண்ணீர்க் கிணற்றில் சேரிக்காரர்கள் வாளி விட முடியாது. ஊரின் சாக்கடை சரிகிற பக்கத்திலேயே அவர்கள் குடிசையும் இருந்தது. மேடு பள்ளம் பார்த்து ஊர் அமைத்தவர்களுக்கு யாரைப் பள்ளத்தில் வைப்பது என்பதும் தெரிந்தே இருந்தது. எங்கள் மனைப்பிரிவுக்குக் கீழே இன்று இருப்பதும் ஒரு காலனிதான்.

அதனால் இப்போது அண்ணனோடு என் தகராறு கடை வரிசையைப் பற்றி. அங்கே முதல் ஆளாக வர அட்வான்ஸ் பேசியிருப்பது ஒரு பிரியாணிக் கடை. எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் கலந்த தண்ணீர் சாதாரணக் குழியை ஆறு மாதத்தில் அடைத்துவிடும், அப்புறம் ராத்திரியில் லாரி வரும், அது எந்த ஓடையில் போய்க் கவிழ்க்கும் என்று யாரும் பின்னால் போய்ப் பார்க்கப் போவதில்லை. பள்ளத்து முக்கோணம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது, மனையாகவும் போகாது. அங்கே எல்லா வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து ஒரு பொதுத் தொட்டி, அதையடுத்து ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட ஒரு படுகை அமைத்தால் கழிவு சுத்தமாகி வெளியேறும் என்று சொல்லிப் பார்த்தேன். செலவு யார் கணக்கில் என்று முதலாளி கேட்டார். மனைக்கு இவ்வளவு என்று சேர்த்து வசூலிக்கலாம் என்றேன். பக்கத்து லேஅவுட்காரன் அதைக் கழித்துக்கொண்டு விலை சொல்வானே என்றார். அதற்கும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அவர் ஒருவர் மட்டும் செய்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

இன்ஜினியர் தம்பி மட்டும் மறுநாள் தனியாகப் போன் பண்ணினார். "மேடம், கல்வாழை பெட்டுக்கு எவ்ளோ நீளம் அகலம் வேணும்னு ஒரு ஸ்கெட்ச் போட்டுக் குடுங்களேன், கடை பக்கத்துக்கு மட்டுமாவது போட்டுப் பாக்கலாம். சார் கிட்ட நான் பேசிக்கறேன்." போட்டுக்கொண்டிருக்கிறேன். பிரியாணிக் கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை அண்டா கழுவுவார்கள் என்று ஆம்பூரில் கடை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கேட்டிருக்கிறேன், அவர் இன்னும் சொல்லவில்லை.